பயிற்சிகள் பல பெறுகிறோம். அவற்றின் பயன் குழந்தையைச் சென்றடைவதை எவ்வாறு அறிவது?

கேட்டவர்: ஈராசிரியர் பள்ளி ஆசிரியை

ஆசிரியர் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஈராசிரியர் பள்ளி என்பதால் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகள் என் பொறுப்பிலும், நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரின் பொறுப்பிலும் இருக்கின்றன. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கப்பட்டது முதல் பருவந்தோறும் அதற்கான பயிற்சிக்குச் சென்று வருகிறேன். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களும் இணையவழிப் பயிற்சிகளும் தனியாக நடைபெறுகின்றன. இவற்றைக் குறை கூறுவதற்காக இப்பதிவை எழுதவில்லை. பாடல், கதை, செயல்பாடு ஆகியவற்றால் என் வகுப்பறை முன்பைவிடக் கலகலப்பாக இருக்கிறது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதும், மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது.

ஆனால், பயிற்சியில் எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லப்படுவதற்கும் என் முன்னால் அமர்ந்திருக்கும் தனித்தனிக் குழந்தைகளின் தேவைக்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பதை உணர்கிறேன். சான்றாக இருவரைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையில் இருப்பதைக் கோடு பிசகாமல், முத்து முத்தாகப் பார்த்து எழுதுகிறாள். அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும் எவரும் பாராட்டாமல் இருக்க மாட்டார்கள். ஆனால், தான் எழுதிய அதே வரியைச் சற்று நேரம் கழித்து வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அதே வகுப்பில் படிக்கும் ஒரு மாணவன் கூட்டலில் தவறுவதே இல்லை. 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் மட்டும் 26 என்று எழுதுகிறான். கடன் வாங்கிக் கழிக்கும் முறையை எத்தனை முறை விளக்கினாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறான். அடுத்த கணக்கில் மீண்டும் அவ்வாறே செய்கிறான்.

நான் கேட்க விரும்புவது இதுதான். ஓர் ஆசிரியர் தம்மைத் தொடர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், எதைக் கற்றுக்கொள்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? மேலிருந்து வரும் பயிற்சியின் தலைப்பா, அல்லது இந்த இரு குழந்தைகளின் தேவையா? நான் கற்றுக்கொண்டது அவர்களைச் சென்றடைந்ததா என்பதை, மதிப்பெண்ணையும் செயலியில் ஏற்றும் பதிவுகளையும் தவிர, வேறு எந்த வழியில் அறிந்துகொள்வது? இதே நிலையில் இருப்பவர்களும் பயிற்சி அளித்த அனுபவம் உள்ளவர்களும் வழி கூற வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருப்பது, வட்டார வள மையத்தில் நான் பணியாற்றிய காலம் முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்த கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பணியிடைப் பயிற்சி வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருவதுதான். 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரிக் கல்விக் குழு, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுப் பணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதங்களாவது பயிற்சி பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பணிக்கு முன் பெறும் பயிற்சியையும் பணியில் இருக்கும்போது பெறும் பயிற்சியையும் பிரிக்க இயலாது என்று கூறியது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் அதன் விளைவாகத் தோன்றியவையே. 2020ஆம் ஆண்டின் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்று அளவே குறித்துவிட்டது. மணிக்கணக்கைக் குறித்தல் எளிது. அந்த மணி நேரத்தில் பேசப்படுவது எந்தக் குழந்தையைப் பற்றியது என்பதைத்தான் எந்த ஆவணமும் நமக்காக முடிவு செய்து தர இயலாது.

மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர் (பயிற்சி அளிப்பவர்), மாவட்ட அளவில் கருத்தாளர், வட்டார அளவில் ஆசிரியர் என்று பயிற்சி படிப்படியாக இறங்கி வரும்போது செயல்பாடுகள் பெரும்பாலும் சிதையாமல் வந்து சேர்கின்றன. பாடல் வந்துவிடும், அட்டை வந்துவிடும், விளையாட்டும் வந்துவிடும். அந்தச் செயல்பாட்டை ஏன் அவ்வாறு அமைத்தார்கள், எந்தக் குழந்தைக்கு அது பொருந்தாது, பொருந்தாவிட்டால் எதை மாற்றலாம் என்பவையே வழியில் உதிர்ந்துபோகின்றன. இதற்காக எவரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெரிய மாநிலத்தின் அத்தனை ஆசிரியர்களுக்கும் குறுகிய காலத்தில் ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்க வேறு வழி அரிது. ஆனால், அவ்வாறு வந்து சேர்வதை முடிந்துபோன கல்வியாகக் கருதாமல், நம் வகுப்பறையில் தொடங்க வேண்டிய ஆய்வின் முதல் படியாகக் கருத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது உங்கள் மாணவனின் கணக்கைப் பாருங்கள். 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதும் குழந்தை கவனக்குறைவாக எழுதவில்லை. ஒன்றின் இடத்தில் 2உம் 8உம் இருக்கின்றன. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அவனுக்கு முதல் வகுப்பிலிருந்து சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே 8இலிருந்து 2ஐக் கழித்து 6 என்கிறான். பத்தின் இடத்தில் 5இலிருந்து 3ஐக் கழித்து 2 என்கிறான். அவன் ஒரு விதியைத் தவறாமல் பின்பற்றுகிறான். நாம் கற்பித்த விதிதான் அது. 52 என்பதை அவன் ஐந்து என்றும் இரண்டு என்றும் இரு தனி எண்களாகப் பார்க்கிறானே தவிர, ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்த ஒரே எண்ணாகப் பார்க்கவில்லை. ஆகவே கடன் வாங்கும் முறையை மீண்டும் மீண்டும் விளக்குவதால் பயன் விளையாது. ஏனெனில், அடுத்த வீட்டில் கடன் வாங்குவது எதற்காக என்ற தேவையே அவனுக்கு இன்னும் எழவில்லை. அவன் கணக்கு, அவன் அளவில், முடிந்துவிட்டது.

அவனிடம் ஈர்க்குச்சிகளைக் கொடுத்துப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் அவன் முன் இருக்கட்டும். அதிலிருந்து 38 குச்சிகளை எடுத்து உங்களிடம் தரச் சொல்லுங்கள். எண்களை எழுத வேண்டாம். கழித்தல் என்ற சொல்லையும் பயன்படுத்த வேண்டாம். மூன்று கட்டுகளை எடுத்துத் தந்துவிடுவான். எட்டு உதிரிகள் வேண்டும் என்னும்போது அவனிடம் இரண்டுதான் இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் எதுவும் பேசாமல் காத்திருக்க வேண்டும். ஒரு கட்டை அவனே அவிழ்த்தான் என்றால், கடன் வாங்குதல் என்பதன் பொருளை அவன் கையே கண்டுபிடித்துவிட்டது என்று கொள்ளலாம். அவிழ்க்கத் தயங்கினான் என்றால், ஒரு கட்டும் பத்து உதிரிகளும் ஒன்றே என்பதில் அவனுக்கு இன்னும் உறுதி ஏற்படவில்லை. நீங்கள் கழித்தலுக்கு முன்னால் இட மதிப்புக்குத் திரும்பிச் செல்ல வேண்டும். இந்த இரண்டில் அவன் எங்கே நிற்கிறான் என்பதை எந்தக் கையேடும் உங்களுக்குச் சொல்லாது. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள் மட்டுமே அதை அறிய முடியும்.

நீங்கள் அடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியது எது என்பதற்கான விடையும் இங்கேதான் கிடைக்கிறது. இட மதிப்பு பற்றிக் குழந்தைகள் எவ்வாறு சிந்திக்கிறார்கள், எந்தெந்தத் தவறான புரிதல்கள் வழக்கமாக எழுகின்றன, நூற்றைந்து என்று கேட்டதும் 1005 என்று எழுதும் குழந்தை எதை அறிந்திருக்கிறது, எதை இன்னும் அறியவில்லை என்பவற்றைத் தேடிப் படியுங்கள். குறுவள மையக் கூட்டத்துக்குச் செல்லும்போது அந்த மாணவனின் குறிப்பேட்டையே எடுத்துச் சென்று கருத்தாளர் முன் வையுங்கள். தலைப்பு எதுவாக இருந்தாலும், கையில் ஒரு குழந்தையின் வேலையோடு வரும் ஆசிரியரின் கேள்வி அந்த அறையில் இருக்கும் அனைவரையும் நிமிர்ந்து உட்கார வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டமும் இதையே நம் கடமையாக வைத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, அதற்கேற்பத் தேவையான கூடுதல் கற்பித்தலை அளிக்க வேண்டும் என்று ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. சட்டம் வகுப்பைக் குறிப்பிடவில்லை, ஒவ்வொரு குழந்தையையும் குறிப்பிடுகிறது என்பதை நான் பயிற்சிகளில் விடாமல் எடுத்துச் சொல்வதுண்டு.

மறுமொழி: நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியை

இருவருக்கும் வணக்கம். ஐயா கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால், தனியொரு ஆசிரியர் தாமே உற்றுநோக்கி, தாமே படித்து, தாமே திருத்திக்கொண்டு வளர்ந்துவிடலாம் என்று எதிர்பார்ப்பது அவர்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதாகும். மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு ஒரு மாணவனின் கையைப் பார்த்தபடி அமைதியாகக் காத்திருக்கும் நேரத்தில், மற்ற குழந்தைகள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்ற கேள்வியை எந்த ஆசிரியையும் கேட்பார். ஆகவே, இன்னொரு ஆசிரியரின் கண் நமக்குத் தேவை.

ஜப்பான் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் பாட ஆய்வு என்றொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். அவர்களுள் ஒருவர் அதை வகுப்பில் நடத்த, மற்றவர்கள் உடனிருந்து பார்க்கிறார்கள். பிறகு அனைவரும் அமர்ந்து விவாதிக்கிறார்கள். இதில் என் மனத்தைக் கவர்ந்தது, பார்க்க வருபவர்கள் பாடம் நடத்தும் ஆசிரியரை மதிப்பிட வருவதில்லை என்பதே. அவர்கள் குழந்தைகளின் அருகில் நின்று, எந்தக் குழந்தை எந்த இடத்தில் தயங்கியது, எதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டது, பக்கத்தில் இருப்பவரின் குறிப்பேட்டை எப்போது எட்டிப் பார்த்தது என்றெல்லாம் குறித்துக்கொள்கிறார்கள். விவாதமும் அதைப் பற்றியே நடக்கிறது.

நம் பள்ளிகளில் வகுப்பறை நோக்கல் என்றாலே பாடக்குறிப்பேடு எழுதப்பட்டிருக்கிறதா, கற்பித்தல் துணைக்கருவி இருக்கிறதா, பதிவேடு முடிக்கப்பட்டிருக்கிறதா என்ற பார்வையே முந்திக்கொண்டு வருகிறது. பார்வையிட யாராவது வருகிறார்கள் என்றால் ஆசிரியருக்குப் படபடப்பு ஏற்படுகிறது. குழந்தைகளும் அன்று வேறு குழந்தைகளாகி விடுகிறார்கள். விடை தெரிந்த நால்வர் மட்டுமே கை உயர்த்துகிறார்கள். இதை மாற்றுவதற்காக எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். பாடவேளை இல்லாத ஆசிரியர் ஒருவர், விருப்பமிருந்தால், இன்னொருவரின் வகுப்பில் கடைசி வரிசையில் சென்று அமர்வார். வகுப்பாசிரியர் அவரிடம் முன்கூட்டியே இரண்டு அல்லது மூன்று குழந்தைகளின் பெயர்களைச் சொல்லிவிடுவார். அமர்ந்திருப்பவர் அவர்களை மட்டுமே பார்ப்பார். மதிப்பீட்டுப் படிவம் எதுவும் கிடையாது. மதிய உணவு இடைவேளையில் இருவரும் பேசிக்கொள்வதோடு முடிந்துவிடும்.

ஒருமுறை நான்காம் வகுப்பு அறிவியல் பாடத்தில், எப்போதும் அமைதியாக இருக்கும் ஒரு மாணவி ஒவ்வொரு கேள்விக்கும் உதட்டை அசைத்துச் சரியான விடையைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை உடனிருந்த ஆசிரியர் கவனித்துச் சொன்னார். முன்னே நின்று பாடம் நடத்தும் எவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. அவளுக்குப் பாடம் தெரியும். எல்லோர் முன்னிலையிலும் பேசுவதற்கான துணிவே அவளுடைய தேவை. அதற்கேற்ப வகுப்பாசிரியை, விடையைப் பொதுவில் கேட்பதற்கு முன்பாக ஒவ்வொருவரும் தம் அருகில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்.

ஈராசிரியர் பள்ளியில் இது அவ்வளவு எளிதன்று என்பதை அறிவேன். ஒருவர் இன்னொருவரின் வகுப்பில் அமர்ந்தால் அவர் வகுப்பை யார் கவனிப்பது? பள்ளி நேரத்துக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலர் உங்கள் ஊரில் இருந்தால், தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, அவரைக் கதை சொல்லவோ பாடல் நடத்தவோ அழைக்கலாம். அதுவும் இயலாதபோது, அருகிலுள்ள பள்ளியின் ஆசிரியரோடு குழந்தைகளின் குறிப்பேடுகளையாவது மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பழக்கப்பட்ட நம் கண்ணுக்குத் தென்படாத தவறு புதிய கண்ணுக்கு உடனே தென்படும்.

மறுமொழி: உள்ளடங்கிய கல்விச் சிறப்பாசிரியர் (மாற்றுத்திறன் குழந்தைகள் பிற குழந்தைகளோடு சேர்ந்து பயில உதவுபவர்)

வணக்கம். மேலே உள்ள இரு மறுமொழிகளும் கற்பித்தலைப் பற்றியவை. நான் அதற்கும் முந்தைய ஒரு படியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

வாசிக்காத குழந்தையையும் மறுமொழி சொல்லாத குழந்தையையும் மெல்லக் கற்கும் மாணவர் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்னால், அந்தக் குழந்தைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இது மிகச் சாதாரணமான செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் குழந்தைக்குச் சில வாரங்கள் நன்றாகக் கேட்கும். சில வாரங்கள் மங்கலாகக் கேட்கும். அத்தகைய குழந்தை கல்லுக்கும் கள்ளுக்கும், குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு உணராமல் தடுமாறும். கேட்கும் நாள்களில் சரியாகச் செய்வதால், வேண்டுமென்றே கவனிக்காமல் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்வோம். பார்வைக் குறைபாடு உள்ள குழந்தையோ முன்வரிசையில் அமர்த்தப்பட்டால் படிக்கும், பின்வரிசையில் அமர்ந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதும். தேசிய அளவில் 2013இல் தொடங்கப்பட்ட சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வர வேண்டும். அக்குழு வரும் நாளில் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி அனுப்புவதோடு நின்றுவிடாமல், உங்களுக்கு ஐயமுள்ள குழந்தைகளின் பெயர்களையும் நீங்கள் கண்டவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். அரை நிமிடத்தில் ஒரு குழந்தையைப் பார்த்து அனுப்ப வேண்டிய நெருக்கடியில் இருப்பவருக்கு, ஆண்டு முழுவதும் அக்குழந்தையைப் பார்த்துவரும் உங்கள் குறிப்பு மிகவும் பயன்படும்.

வீட்டு மொழியும் இவ்வாறே. ஓசூர்ப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும், தாளவாடிப் பகுதியில் கன்னடமும் பேசும் குழந்தைகள் தமிழ்வழி வகுப்புகளில் பயில்கிறார்கள். பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்தும், செங்கல் சூளைகளில் வேலை செய்ய வெளிமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களிலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். தமிழே வீட்டு மொழியாக இருந்தாலும், பாடநூல் தமிழ் பல குழந்தைகளுக்குப் புதிய மொழி போன்றதே. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழிகளை வகுப்பறைக்கான வளமாகக் கொள்ள வேண்டும் என்று கூறுகிறது. குழந்தை தன் வீட்டுப் பேச்சில் ஒரு கதையைச் சொல்ல, அதை அப்படியே கரும்பலகையில் எழுதி அதையே வாசிக்கப் பழக்கும் முறையை நான் பல பள்ளிகளில் பரிந்துரைத்திருக்கிறேன். தான் சொன்ன சொல்லை எழுத்தில் காணும் குழந்தை, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து வாசிக்கிறது.

பசியைப் பற்றியும் ஒரு வரி. 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தால் முதல் பாடவேளையில் குழந்தைகளின் முகம் மாறியிருப்பதை நாம் அனைவரும் காண்கிறோம். ஆனாலும் தாமதமாக வந்து காலை உணவைத் தவறவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று விசாரித்தால், தம்பியையோ தங்கையையோ அங்கன்வாடியில் விட்டுவிட்டு வருபவர்களாக இருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் இவையெல்லாம் இடம்பெறுவதில்லை. ஆசிரியரின் வளர்ச்சி என்பது கற்பித்தல் உத்திகளைப் பெருக்கிக்கொள்வது மட்டுமே என்று நாம் கருதினால், இத்தகைய செய்திகளை அறிந்துகொள்வதற்கு அதில் இடமே இருக்காது. என் அனுபவத்தில், பெற்றோரோடு பேசுவதற்கும், கேட்டதைப் புண்படுத்தாமல் பயன்படுத்துவதற்கும் ஆசிரியருக்கு எந்தப் பயிற்சியும் போதிய அளவு தரப்படுவதில்லை. பயிற்சிக்கான தேவைகளைக் கேட்டு அனுப்பும் படிவங்கள் வரும்போது இதை வலியுறுத்தி எழுதுங்கள்.

கேட்டவரின் பதில்: ஈராசிரியர் பள்ளி ஆசிரியை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. ஐயா கூறியவாறு ஈர்க்குச்சிக் கட்டுகளைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்று கட்டுகளையும் இரண்டு உதிரிகளையும் தந்துவிட்டு, மீதம் ஆறு குச்சிகளை எங்கே எடுப்பது என்று என்னையே நிமிர்ந்து பார்த்தான். நான் பேசாமல் இருந்தேன். வெகுநேரம் கட்டைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "டீச்சர், இத அவுக்கலாமா?" என்று கேட்டான். கட்டப்பட்டதை அவிழ்ப்பதற்கு அனுமதி வேண்டும் என்று அவன் கருதியிருந்ததை அப்போதுதான் அறிந்தேன். அவிழ்த்த பிறகு ஆறை எடுத்துத் தந்தான். மீதி 14 என்று எண்ணிச் சொன்னான். எழுதும் கணக்கில் இன்னும் இது வந்து சேரவில்லை. கட்டுகளைப் படமாக வரைந்து, அதன் பிறகே எண்ணுக்குச் செல்லலாம் என்றிருக்கிறேன்.

மாணவியின் செவித்திறனையும் பார்வையையும் சோதிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுமாறு அவள் தாயாரிடம் பேசியிருக்கிறேன். மருத்துவக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. அதற்கிடையில் அவளுடைய வாசிப்பில் சிக்கல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை எவ்வாறு கண்டறிவது என்று ஐயா விளக்கினால் நன்றியுடையவளாவேன். படம் உள்ள பக்கத்தில் ஓரளவு சொல்கிறாள். படம் இல்லாத இடத்தில் வாயே திறப்பதில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்

மிக்க மகிழ்ச்சி அம்மா. "அவிழ்க்கலாமா" என்று அவன் கேட்டதை உங்கள் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இதே பாடத்தைத் தொடங்கும்போது, கட்டுகளை அவிழ்த்தும் கட்டியும் விளையாடுவதிலிருந்தே நீங்கள் தொடங்குவீர்கள். மதிப்பெண்ணைத் தவிர வேறு எவ்வழியில் அறிவது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு குழந்தையின் சொல் உங்கள் அடுத்த பாடத்தை மாற்றியிருக்கிறதா என்று பார்த்து வாருங்கள். நான் அறிந்தவரை அதைவிட நம்பத்தகுந்த அளவுகோல் இல்லை.

மாணவியைப் பொறுத்தவரை, வாசிக்கவில்லை என்ற ஒரே தோற்றத்துக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கற்பித்தல் தேவைப்படும். முதலில் எழுத்துகளை வரிசை மாற்றித் தனித்தனியே காட்டுங்கள். க, ங, ச என்று வரிசையாக ஒப்பிக்கும் குழந்தை, நடுவிலிருந்து ஒரு ம காட்டினால் முதலிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டு வரக்கூடும். அவ்வாறு செய்தால் அவளுக்கு வரிசை மனப்பாடமாக இருக்கிறது. எழுத்து இன்னும் அறிமுகமாகவில்லை.

எழுத்துகளைத் தனியே அறிந்திருக்கிறாள் என்றால், படம், மரம், கடல் போன்று உயிர்மெய்க் குறியீடு இல்லாத சொற்களைக் கொடுங்கள். அவற்றை வாசித்துவிட்டாளானால், கொடி, கேணி, பொம்மை போன்றவற்றுக்குச் செல்லுங்கள். நம் எழுத்து முறையில் பல குழந்தைகள் இடறி விழும் இடம் இதுதான். ஒற்றைக் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் எழுதப்படுகிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கொ என்னும் எழுத்தில் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் மறுபக்கமும் நிற்கின்றன. இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும் என்று கற்ற குழந்தை, கொம்பைக் கண்டதும் அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. அல்லது கெ என்று வாசித்துவிட்டுத் துணைக்காலைத் தனியாக விட்டுவிடுகிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது இச்சிக்கல் வெளியே தெரியவே தெரியாது. வடிவத்தை வரைவதற்கு ஒலி தேவையில்லை அல்லவா? உங்கள் மாணவியின் அழகான கையெழுத்து அவளை இவ்வளவு காலம் மறைத்து வைத்திருக்கக்கூடும்.

அவள் சொற்களைக் கூட்டி வாசித்துவிட்டு, பொருளைக் கேட்டால் விழிக்கிறாள் என்றால், சிக்கல் எழுத்தில் இல்லை. அப்போது சிறப்பாசிரியர் ஐயா கூறியவாறு, அவளைப் பேச விட்டு, அவள் சொற்களையே எழுதி வாசிக்கப் பழக்கும் முறையைக் கையாளுங்கள்.

இவற்றை மற்ற குழந்தைகள் முன்னிலையில் செய்ய வேண்டாம். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தனக்கு வாசிக்கத் தெரியாது என்பது நன்றாகவே தெரியும். பிறருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தலையைக் குனிந்துகொள்கிறாள். மற்றவர்கள் செயல்பாட்டில் ஈடுபட்டிருக்கும்போது, உங்களுக்கு அருகில் அமர்த்திக்கொண்டு, ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும். எந்தச் சொல்லில் நின்றாள், அந்தச் சொல்லை எவ்வாறு ஒலித்தாள் என்பதை அவள் ஒலித்தபடியே எழுதி, இங்கே பதிவிடுங்கள். சேர்ந்து பார்ப்போம்.